கருவிழி அடையாளம்: எந்த எண்ணில் ஒருவர் அந்நியராகிறார்?

கைரேகை என்பது தோலின் மேடுபள்ளம். உழைக்கும் கையில் அது நிலைப்பதில்லை. காஞ்சிபுரத்தில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்கி, சாயத் தொட்டியில் முக்கி முக்கி எடுப்பவர்களின் விரல்நுனிகள் வயதாக ஆக வழவழப்பாகிவிடுகின்றன. அறுந்த இழையை விரலால் முறுக்கிச் சேர்த்தே ஆயுளைக் கழித்த நெசவாளர்களின் விரல்களும் அப்படித்தான். மூப்பு தன் பங்குக்குத் தோலை உலர்த்திச் சுருக்கம் விழச் செய்கிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்துக்குள் வந்து, நியாய விலைக் கடைகளில் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை தொடங்கியபோது இத்தகைய கைகள்தாம் முதலில் தடுமாறின. விரலைத் துடைத்து மறுபடி வைப்பதும், பத்து விரலையும் மாற்றி மாற்றி முயல்வதும் மாநிலமெங்கும் கடை வாசல்களில் வழக்கமாயின. அதற்கு மாற்றாகத்தான் ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவி வந்தது.

விரல் தேயும், கண் தேயாது என்பது இந்த மாற்றத்தின் வாதம். பெரும்பாலும் சரியான வாதம்தான். எந்த இடத்தில் அது பிசகுகிறது என்று தெரிந்துகொள்ள, அந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். காஞ்சி நகரை ஒட்டிய ஏனாத்தூரில், 1993இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகள். கருவிழி அடையாளம் இந்தியப் பொறியியல் மாணவர்களுக்கு மிகப் பழகிய ஆய்வுத் தலைப்பு. அவர்கள் கணினியில் வைத்துச் சோதிக்கும் கண்ணுக்கும், ரேஷன் கடையில் கருவியின் முன் குனியும் முதியவரின் கண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

கண்ணின் நடுவில் இருக்கும் கருந்துளை பாவை. வெளிச்சம் உள்ளே போகும் வழி அது. அதைச் சுற்றியிருக்கும் பழுப்பு வளையம்தான் ஐரிஸ். ஆதார் மையத்திலும் ரேஷன் கடையிலும் கருவிழி என்று சொல்வது இந்த வளையத்தை. பாவையைச் சுருக்கவும் விரிக்கவும் இரண்டு தசைத் தொகுதிகள் அதற்குள் இருக்கின்றன. அவற்றின் மேல் நார்களும் குழிகளும் மடிப்புகளும் பின்னிக் கிடக்கின்றன. தாயின் வயிற்றில் மூன்றாம் மாதத்தில் உருவாகத் தொடங்கும் இந்த அமைப்பு ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் முழுமை பெறுகிறது. நிறத்தை மரபணு தீர்மானிக்கிறது. நார்களும் குழிகளும் எங்கெங்கே அமையும் என்பதை மரபணு அவ்வளவு நுணுக்கமாக வகுப்பதில்லை, வளர்ச்சியின்போது நேரும் தற்செயல்கள் அதை அமைக்கின்றன. ஆகவேதான் உருவம் ஒத்த இரட்டையர்களுக்கும் கருவிழி வேறுவேறு. ஒருவருடைய இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட ஒன்றல்ல.

நம் ஊர்க் கண்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெலனின் நிறமி நிறைந்த அடர்பழுப்புக் கருவிழியைச் சாதாரண வெளிச்சத்தில் படம் பிடித்தால் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாகத்தான் விழும். நீலக் கண்ணில் எளிதாகத் தெரியும் நார்கள் இங்கே மறைந்துவிடும். 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியை மெலனின் அதிகம் உறிஞ்சுவதில்லை என்பதால், அந்த ஒளியில் பார்த்தால் கறுத்த கண்ணிலும் அத்தனை நார்களும் துலங்குகின்றன. மலிவான கைபேசிக் கேமரா இந்த வேலைக்கு ஆகாது, தனிக் கருவி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வெயிலிலும் இதே அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. திறந்த வாசலில், உச்சிப்பொழுதில், கருவி தன் விளக்கால் பாய்ச்சும் ஒளியை வெயில் அமுக்கிவிடும். கருவியைக் கடையில் எந்த மூலையில் வைப்பது என்பதுகூட முடிவைப் பாதிக்கும்.

கருவிழியை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்ற யோசனையை அமெரிக்கக் கண் மருத்துவர் ஃபிராங்க் பர்ச் 1936இலேயே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. லியோனார்ட் ஃபிளாம், அரன் சஃபீர் என்ற இரு கண் மருத்துவர்கள் 1987இல் அந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதைச் செய்து காட்டும் கணிதம் அவர்களிடம் இல்லை. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் டாக்மன் அதை உருவாக்கினார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1993இலும் காப்புரிமை 1994இலும் வந்தன. இன்று பல நிறுவனங்கள் பலவித மென்பொருள்களை விற்கின்றன, எல்லாம் டாக்மனின் எண்களை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஆனாலும் இத்துறையின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள அவருடைய முறையைப் போலத் தெளிவானது வேறில்லை.

முதலில் படத்தில் பாவையின் விளிம்பையும், கருவிழி முடிந்து வெள்ளை தொடங்கும் விளிம்பையும் கணினி கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வட்டங்களை வரைந்து பார்த்து, எந்த வட்டத்தில் வெளிச்சம் சட்டென்று மாறுகிறதோ அதை விளிம்பாகக் கொள்கிறது. இமை மறைத்த இடம், இமைமயிர் விழுந்த இடம், விளக்கின் பிரதிபலிப்பு பளிச்சிடும் இடம் எல்லாவற்றையும் விலக்குகிறது. பாவை ஒரு நேரம் விரிந்தும் ஒரு நேரம் சுருங்கியும் இருக்குமாதலால், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரையிலான தூரத்தை எப்போதும் 0 முதல் 1 வரை என்று கொண்டு, வளையத்தை நீட்டி விரித்த ஒரு செவ்வகப் பட்டையாக மாற்றுகிறது. வேலையின் பாதி இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். தோல்விகளும் அதிகம் இங்கேதான் நேர்கின்றன. விளிம்பு ஒரு மயிரிழை பிசகினால் அதன் பிறகு வரும் கணக்கு எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தும் பயனில்லை.

அடுத்து அந்தப் பட்டையின் 1,024 இடங்களில் கேபர் அலைவடிவம் என்ற கணித வடிகட்டியை வைத்துப் பார்க்கிறார்கள். ஹோலோகிராமுக்காக 1971இல் நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் கேபரின் பெயர் கொண்டது அது. ஒவ்வோர் இடத்திலும் கருமையும் வெளுப்பும் எந்த வரிசையில் மாறுகின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு விடை, ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஆக மொத்தம் 2,048 இலக்கங்கள், 256 பைட். காஞ்சிபுரத்தில் இதை விளக்க ஜக்கார்டு அட்டையைக் காட்டினால் போதும். சேலைக் கரையில் வரும் அன்னமும் மயிலும் அட்டையில் துளை இருக்கிறது, துளை இல்லை என்ற இரண்டே குறிகளாகத்தான் பதிந்திருக்கின்றன. துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. கருவிழியையும் அப்படி ஓர் அட்டையாக அடித்துவிடுகிறது கணினி. எந்தெந்த இடம் இமையால் மறைக்கப்பட்டு நம்பத்தகாததாக இருந்தது என்பதற்கு இன்னோர் அட்டை உடன் வருகிறது.

ஒப்பிடுவது எளிது. பதிவில் உள்ள அட்டையையும் இப்போது எடுத்த அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எத்தனை இடத்தில் மாறுபடுகின்றன என்று எண்ண வேண்டும். மாறுபட்ட இடங்களை ஒப்பிட்ட மொத்த இடங்களால் வகுத்தால் வருவது ஹாமிங் தொலைவு. இரண்டு வெவ்வேறு கண்கள் என்றால் ஒவ்வோர் இலக்கமும் ஒத்துப்போவது தற்செயல், ஆகவே தொலைவு 0.5ஐ ஒட்டி விழும். தலை சாய்ந்திருந்தால் அதை ஈடுகட்ட அட்டையை இடமும் வலமும் நகர்த்தி, கிடைப்பதில் மிகக் குறைந்த தொலைவை எடுப்பதால் இந்தச் சராசரி 0.46 அளவுக்கு இறங்குகிறது. ஒரே கண் என்றாலும் தொலைவு பூச்சியமாக வராது. நல்ல சூழலில் எடுத்தால் 0.1ஐச் சுற்றியோ அதற்குக் கீழேயோ வரும். இந்த இரண்டு குவியல்களுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே வந்தால் ‘இவர் அவரே’, மேலே போனால் ‘இவர் வேறு யாரோ’.

டாக்மன் வெளியிட்ட அட்டவணையில் 0.32 என்று கோடு போட்டால், வேறொருவர் கண்ணைத் தவறுதலாக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 2.6 கோடியில் ஒன்று. 0.30 என்றால் 150 கோடியில் ஒன்று. 0.35 என்று தளர்த்தினால் 1.33 லட்சத்தில் ஒன்று. தொலைவை இம்மியளவு மாற்றினால் வாய்ப்பு ஆயிரக்கணக்கான மடங்கு மாறுகிறது. இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கல்ல. ஐக்கிய அரபு அமீரகம் 2001இலிருந்து விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் கருவிழியைப் பதிந்தது. பிழைப்புக்காக வளைகுடா போன தமிழர்கள் பலருக்கு இந்தத் தொழில்நுட்பத்தோடு முதல் பரிச்சயம் அங்கே நேர்ந்த ‘ஐ ஸ்கேன்’தான். அந்தத் தொகுப்பில் இருந்த 6,32,500 கருவிழிகளை ஒன்றோடொன்று பொருத்தி, 20,000 கோடி ஒப்பீடுகளின் முடிவை 2006இல் டாக்மன் வெளியிட்டார். கோட்பாடு சொன்னபடியே எண்கள் விழுந்திருந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதைவிடச் சிறிய ஓர் எண். பாகிஸ்தானில் அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி படமெடுத்த ஆப்கன் சிறுமி ஷர்பத் குலாவை 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர்தானா என்று உறுதிசெய்யப் பழைய புகைப்படத்தையும் புதிய படத்தையும் டாக்மனிடம் கொடுத்தார்கள். ஒரு கண்ணில் தொலைவு 0.24, இன்னொன்றில் 0.31 வந்தது. அவரேதான் என்று முடிவானது, சரியான முடிவு. ஆனால் அந்த 0.31ஐப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே கண், பதினெட்டு ஆண்டு இடைவெளி, சாதாரணக் கேமராவில் எடுத்த படம். 0.32 என்ற கோட்டுக்கு 0.01 தள்ளி நின்று தப்பித்திருக்கிறது அந்தக் கண். கோடு 0.30இல் இருந்திருந்தால் அந்தக் கண் ‘வேறு யாரோ’ ஆகியிருக்கும்.

இங்கேதான் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆதாரில் ஒருவரைப் புதிதாகச் சேர்க்கும்போது, அவர் ஏற்கெனவே வேறு பெயரில் பதிவாகியிருக்கிறாரா என்று நாட்டின் மொத்தப் பதிவோடும் ஒப்பிட வேண்டும். 130 கோடிப் பேர் இருக்கும் பதிவில், ஒரு கண்ணை மட்டும் வைத்து 0.32 என்ற கோட்டோடு தேடினால் சராசரியாக ஐம்பது பேர் தவறாக ஒத்துப்போவார்கள். ஆகவே அங்கே கோடு கண்டிப்பாக இருந்தாக வேண்டும். இரண்டு கண்ணையும் பத்து விரலையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் கருவிழியையும் சேர்த்துப் பதிய வேண்டியிருந்ததற்கு உழைக்கும் மக்களின் தேய்ந்த விரல் ஒரு காரணம், இந்தப் பெருந்தொகைக் கணக்கு இன்னொரு காரணம். ஆதார் ஆணையம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, பதிவு 8.4 கோடியாக இருந்தபோது தவறாக ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று காட்டியது 0.057 விழுக்காடு என்றது. அவ்வளவு பெரிய தொகைக்கு அது மெச்சத் தகுந்த விளைவு.

ரேஷன் கடையில் நடப்பது முற்றிலும் வேறு வேலை. அங்கே யாரும் 130 கோடியில் தேடுவதில்லை. குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய பதிவோடு மட்டும் இந்தக் கண்ணை ஒப்பிட்டால் போதும். கோட்டை 0.35 வரை தளர்த்தினாலும், பிறர் அட்டையைக் கொண்டுவந்து ஏமாற்ற முயலும் 1.33 லட்சம் பேரில் ஒருவர்தான் தப்பிப்பார். கடைக்காரருக்கு முகம் தெரிந்த தெருவில் அந்த ஒருவரும் தப்பிக்க மாட்டார். ஆகவே கடை வாசலில் நாம் அஞ்ச வேண்டிய பிழை வேறு. உரியவரையே ‘நீ அவர் இல்லை’ என்று திருப்பியனுப்பும் பிழைதான் அது. கருவி விற்பவரின் விளம்பரம் ‘கோடியில் ஒன்று’ என்று பெருமையடிப்பது பிறரை ஏற்கும் முதல் பிழையைப் பற்றி. இரண்டாவது பிழையைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை. கோட்டை இறுக்க இறுக்க முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எந்தப் பிழை யாரைச் சுடும் என்பதை எண்ணிப் பார்த்துக் கோடு போட வேண்டிய பொறுப்பு கணிதத்துக்கு இல்லை, மனிதர்களுக்கு இருக்கிறது.

அந்த இரண்டாவது பிழை முதியவர்களிடமே குவிகிறது. கண்புரை கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில் வருவது, ஆகவே புரை மட்டும் இருந்தால் கருவிழிப் பதிவு கெடாது. அறுவை சிகிச்சையின்போது கருவிழியின் ஓரம் சிதைந்தாலோ பாவையின் வட்டம் கோணலானாலோ பழைய பதிவோடு பொருந்துவது கடினமாகும். ஆஸ்பத்திரியில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தால் வளையம் ஒடுங்கி, ஒப்பிடுவதற்கு இடமே மிஞ்சாது. அமீரகத்தில் நாடு கடத்தப்பட்டவர்கள் இதே மருந்தை விட்டுக்கொண்டு மறுபடி நுழையப் பார்த்ததால், விரிந்த பாவையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை அங்கே சேர்க்க வேண்டியதாயிற்று. கண்ணில் பூ விழுந்திருந்தால் அந்த வெண்மை கருவிழியை நேராகவே மறைக்கும். சதை வளர்ந்து விளிம்பைத் தாண்டியிருந்தாலும் அப்படியே. வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் படரும் சாம்பல் வளையம் வெளிவிளிம்பைக் கலங்கடிக்கிறது, தொங்கும் மேலிமை பாதிக் கண்ணை மூடுகிறது. கை நடுங்குபவரும், கூன் விழுந்தவரும், கண்ணை அகலத் திறந்து அசையாமல் நிற்க முடியாதவரும் தெளிவான படம் தர முடியாது.

இவற்றோடு காலமும் சேர்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் கருவிழி குறிப்பிடத்தக்க அளவு மூப்படையவில்லை என்றது. நோத்ர தாம் பல்கலைக்கழகத்தின் கெவின் போயரும் பாட்ரிக் ஃபிளினும், ஆண்டுகள் செல்லச் செல்ல உரியவரை மறுக்கும் பிழை கூடுகிறது என்று வாதிட்டார்கள். ஆரோக்கியமான கண்ணைப் பொறுத்தவரை முதல் கருத்தே வலுவானது என்று நினைக்கிறேன். ஆனால் எழுபது வயதுக்காரரின் கண் ஆரோக்கியமானதாகவே இருக்கும் என்று எந்த ஆய்வும் உறுதி தரவில்லை. ஆதார் தொடங்கிய ஆண்டுகளில் பதிந்த பலருக்கு அதன்பின் கண் அறுவை நடந்திருக்கும்.

கருவிழி திருட முடியாதது என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைபேசியின் கருவிழிப் பூட்டை 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் திறந்து காட்டியது. இரவுப் படம் எடுக்கும் சாதாரணக் கேமராவில் எடுத்த கண் படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை ஒட்டினார்கள், அவ்வளவுதான். 0, 1 அட்டையிலிருந்து கண்ணின் படத்தை மீட்க முடியாது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஹாவியர் கல்பல்லி 2012இல், அடையாளக் கருவியை ஏமாற்றுமளவுக்குப் போலிப் படங்களை அந்த அட்டையிலிருந்தே உருவாக்கலாம் என்று காட்டினார். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், கருவிழியை மாற்ற வழியில்லை. ஆகவே கருவிழிப் பதிவை எந்தத் தனியார் கேட்டாலும், பரிசுப் பணம் தருவதாகச் சொன்னாலும், கொடுக்காமல் இருப்பதே நல்லது. உலகமெங்கும் கருவிழிக்குக் கிரிப்டோ நாணயம் கொடுத்த வேர்ல்ட்காயின் நிறுவனத்தைக் கென்யா 2023இலும் ஸ்பெயின் 2024இலும் தடுத்து நிறுத்தின.

இனி ஏனாத்தூருக்கு வருவோம். ஏனாத்தூர் என்று சொன்னாலும் தமிழ்நாட்டின் எல்லாப் பொறியியல் வகுப்பறைகளையும் சேர்த்தே சொல்கிறேன். கருவிழி பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகள் 98, 99 விழுக்காடு துல்லியம் என்று முடிவது வழக்கம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் உலக மாணவர்கள் பயன்படுத்தியது சீன அறிவியல் கழகத்தின் காசியா முதல் தொகுப்பு. 108 கண்கள், 756 படங்கள். அதில் விளக்குப் பிரதிபலிப்பை மறைக்கப் பாவையின் மேல் ஒரே சீரான கருவட்டத்தைப் பூசியிருந்தார்கள் என்பதை 2007இல் பிலிப்ஸ், போயர், ஃபிளின் மூவரும் எடுத்துக்காட்டினார்கள். இந்த வேலையின் மிகக் கடினமான கட்டம் விளிம்பைக் கண்டுபிடிப்பது, அதுவே முன்கூட்டி முடித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஐஐடி டெல்லி தொகுப்பு நம் நாட்டுக் கண்களைக் கொண்டது, 224 பேர், 1,120 படங்கள். அதுவும் கல்வி வளாகத்தில், பெரும்பாலும் இளையவர்களிடம் எடுத்தது. இவற்றில் கிடைத்த 99 விழுக்காட்டை வைத்து ஒரு முதிய நெசவாளரின் கண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தபோதே, சரிபார்ப்பு தோற்றதற்காக ஒருவருக்கு உரிமை மறுக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டத்தைத் தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆயினும் 55 வயதில் விரல் வழவழத்து, கண்ணில் பூ விழுந்த ஒருவர் அந்த வயது வரம்புக்குள் வரமாட்டார்.

காஞ்சிபுரத்துப் பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அறுபது வயது கடந்த நெசவாளர்களிடமும் சாயத் தொழிலாளர்களிடமும் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்று, அந்த ஒப்புதலை அவர்கள் எந்த நாளிலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற உறுதியோடு, முதல் முயற்சியில் எத்தனை பேரைக் கருவி ஏற்கிறது என்று அளக்க வேண்டும். அறுவை செய்த கண், பூ விழுந்த கண், தொங்கிய இமை என்று பிரித்து அளக்க வேண்டும். துல்லியம் இத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, உரியவர் எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள் என்பதைக் கட்டுரையின் முதல் வரியில் எழுத வேண்டும். 34,000க்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகளைக் கொண்ட உணவுப் பொருள் வழங்கல் துறை, ஒவ்வொரு மாதமும் விரலும் கண்ணும் தோற்ற முயற்சிகளின் எண்ணிக்கையை வட்டம் வாரியாக, வயது வாரியாக வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் பொதுவில் வரும் வரை, கருவி மறுத்த எவரையும் குடும்ப அட்டையையும் முகத்தையும் பார்த்துப் பொருள் கொடுத்து அனுப்பும் அதிகாரம் கடை ஊழியருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.